பழைய மர அலமாரியைப் புதுப்பிக்கும்போது ஈய நஞ்சிலிருந்து காத்துக்கொள்ளுதல்

வீட்டில் பல ஆண்டுகளாக இருந்துவரும் மர அலமாரி, டிரெஸ்ஸிங் டேபிள், தொட்டில் போன்றவற்றின் பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக வண்ணமோ பாலிஷோ பூசுவது பரவலான வழக்கமாகும். பொங்கலுக்கு முன்பும், திருமணத்தை ஒட்டியும், மகள் பிரசவத்திற்காகத் தாய்வீடு வரவிருக்கும் நாட்களிலும் இவ்வேலையைப் பலர் மேற்கொள்கின்றனர்.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பூச்சு உரியாமல் உறுதியாக இருக்கும்வரை அந்த ஈயம் பெரும்பாலும் மரத்தின் மீதே தங்கியிருக்கும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது அது நுண்ணிய தூசியாக வெளியேறி வீடெங்கும் பரவுகிறது. தாய்க்காகவும் குழந்தைக்காகவும் அறையை அழகுபடுத்தும் வேலையே அவர்களுக்குத் தீங்காக முடியலாம். சில எளிய முன்னெச்சரிக்கைகளால் இதனைத் தவிர்க்க முடியும்.

முக்கியக் குறிப்புகள்

• எப்போது பூசப்பட்டது என்று தெரியாத பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருப்பதாகவே கருதிச் செயல்படுங்கள்.
• உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நெருப்பால் சுட்டு உரிக்காதீர்கள்.
• குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வேலை நடக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.
• தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.
• ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்கள் எனில், இரத்தப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் ஏன் இருக்கிறது?

நிறம் பளிச்சென்று தெரியவும், பூச்சு விரைவில் உலரவும், நீண்ட நாள் உழைக்கவும் ஈயச் சேர்மங்கள் வண்ணப்பூச்சில் கலக்கப்பட்டு வந்தன. மரத்திற்கும் இரும்பிற்கும் பூசப்படும் எண்ணெய் சார்ந்த எனாமல் வகைகளில் இது அதிகம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஆகிய நிறங்களில் ஈயம் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. வெள்ளை நிறத்திலும் அடிப்பூச்சான ப்ரைமரிலும் கூட இருக்கலாம்.

இந்தியாவில் வீட்டு உபயோக வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட அலமாரிகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. மேலே இருப்பது புதிய பூச்சாக இருந்தாலும், அதன் அடியில் பல பழைய அடுக்குகள் மறைந்திருக்கலாம்.

ஈயம் உடலுக்குள் எவ்வாறு செல்கிறது?

தேய்க்கும்போது எழும் தூசி மூச்சின் வழியாக நுரையீரலை அடைகிறது. தரையிலும் பாயிலும் விளையாட்டுப் பொருள்களிலும் படியும் தூசி, கையின் வழியாக வாய்க்குச் செல்கிறது. தவழும் குழந்தைகள் தரையைத் தொட்ட கையை அடிக்கடி வாயில் வைப்பதால், அவர்களுக்கு இவ்வழியே முதன்மையானது. பல் முளைக்கும் வயதில் அலமாரியின் விளிம்பையோ தொட்டிலின் கம்பையோ கடிப்பதாலும் ஈயம் உட்செல்லலாம்.

வேலை செய்பவரின் உடையிலும் தலைமுடியிலும் படிந்த தூசி, அவர் குழந்தையைத் தூக்கும்போது குழந்தையின் மீது ஒட்டிக்கொள்கிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

விழுங்கப்படும் ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கு முதல் ஐந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. வளர்ந்துவரும் மூளையை ஈயம் பாதிப்பதால் கற்றல் திறன், கவனம், நடத்தை ஆகியவற்றில் நீடித்த குறைபாடுகள் ஏற்படலாம். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவாக உள்ள குழந்தைகளின் உடல் இன்னும் கூடுதலாக ஈயத்தை ஏற்றுக்கொள்கிறது.

கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் உள்ள ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடையும். கருச்சிதைவு, குறைமாதப் பிறப்பு, குறைந்த எடையில் பிறத்தல் ஆகியவற்றுக்கு இது காரணமாகலாம். பெரியவர்களுக்கு உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படக்கூடும். பாதுகாப்பானது என்று கூறத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது.

அறிகுறிகள் யாவை?

பெரும்பாலான குழந்தைகளிடம் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தென்படுவதில்லை. பின்னர் பசியின்மை, வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை, சோர்வு, எரிச்சல், பேச்சிலும் கற்றலிலும் பின்னடைவு ஆகியவை காணப்படலாம். இவை வேறு பல நோய்களுக்கும் பொதுவானவை என்பதால், வீட்டில் வண்ணப்பூச்சு வேலை நடந்ததை நீங்களே மருத்துவரிடம் எடுத்துக் கூற வேண்டும்.

இடைவிடாத வாந்தி, வலிப்பு, நடையில் தடுமாற்றம், நினைவு மங்குதல் ஆகியவை தோன்றினால் உடனடியாக 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன்

பழைய பூச்சை முழுவதும் எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் சிந்தியுங்கள். பூச்சு உரியாமலும் வெடிக்காமலும் இருந்தால், சோப்பு நீரால் கழுவி, மேற்பரப்பின் மினுமினுப்பு மட்டும் நீங்கும் அளவுக்கு ஈரமாகத் தேய்த்து, அதன் மேலேயே புதிய ப்ரைமரும் வண்ணமும் பூசலாம். புதிய பெயிண்ட் வாங்கும்போது, ஈய அளவு 90 பங்குக்கு மிகவில்லை என்று டப்பாவில் குறிப்பிடப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். இழுப்பறைகளின் பக்கங்கள், கதவின் ஓரங்கள் போன்றவை ஒன்றோடொன்று உரசி நாள்தோறும் தூசியை உண்டாக்குவதால் அவ்விடங்களில் கூடுதல் கவனம் தேவை.

ஈயம் உள்ளதா என உறுதியாக அறிய, எல்லா அடுக்குகளும் அடங்கிய ஒரு சிறு செதிலை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். நிறம் மாறும் குச்சிகளைக் கொண்டு வீட்டில் செய்யும் சோதனை சில வேளைகளில் தவறான முடிவைத் தரும்.

வேலையைத் தச்சரிடமோ பாலிஷ் போடுபவரிடமோ ஒப்படைத்தால், அலமாரியை அவரது பட்டறைக்கு அனுப்புவதே குடும்பத்தினருக்கு நல்லது. நாள்தோறும் இத்தூசியில் உழைக்கும் அவருக்கும் ஆபத்து உண்டு. ஆகவே ஈயம் இருக்கலாம் என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வேலை செய்யும்போது

• திறந்தவெளியில், சன்னல்களிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, கனமான பிளாஸ்டிக் விரிப்பின் மீது அலமாரியை வைத்துக்கொள்ளுங்கள். காற்று வலுவாக வீசும் நாளில் வேலையை ஒத்திவையுங்கள்.
• மேற்பரப்பைத் தெளிப்பானால் நனைத்து, நீரில் பயன்படுத்தத்தக்க உப்புத்தாளால் தேய்த்து, சேறுபோல் திரள்வதை அவ்வப்போது துணியால் வழித்தெடுங்கள்.
• மின்சாரத் தேய்ப்பு இயந்திரம் வேண்டாம்.
• துணி முகக்கவசமும் அறுவைசிகிச்சை முகக்கவசமும் ஈயத் தூசியைத் தடுக்கப் போதாதவை. பி100 வகை வடிகட்டி பொருத்திய முகக்கவசத்தை முகத்தோடு இறுகப் பொருந்துமாறு அணியுங்கள்.
• வேலையினிடையே உண்பது, தேநீர் அருந்துவது, வெற்றிலை போடுவது, புகைபிடிப்பது ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
• முடித்ததும் உடைகளைக் கழற்றித் தனியே துவையுங்கள். தலைக்குக் குளித்த பின்னரே குழந்தைகளைத் தொடுங்கள்.

பெயிண்ட் ரிமூவரும் எண்ணெயும்

பூச்சைக் கரைக்கும் ரிமூவர் தூசியைக் குறைக்கும். ஆயினும் அதற்கென வேறு ஆபத்துகள் உண்டு. மெத்திலின் குளோரைடு கலந்த ரிமூவரை மூடிய அறையில் பயன்படுத்தியவர்கள் மூச்சடங்கி இறந்திருக்கின்றனர். இவ்வேதிப்பொருள் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுவதால் இதய நோயாளிகளுக்கு மிகவும் தீங்கானது. இதனை வாங்காதீர்கள். தூசியைத் தடுக்கும் முகக்கவசம் ரிமூவர், தின்னர் ஆகியவற்றின் ஆவியைத் தடுக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றைத் திறந்தவெளியில் தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள்.

கழிவுகளை என்ன செய்வது?

செதில்கள், சேறு, துணிகள், உப்புத்தாள், விரிப்பு ஆகிய அனைத்தையும் உறுதியான பையில் கட்டி, வீட்டு அபாயகரக் கழிவு என்று கூறி உள்ளாட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியே ஒப்படையுங்கள். தோட்டத்திலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். வண்ணம் பூசிய பழைய மரத்தைப் போகியன்றோ வெந்நீர் அடுப்பிலோ எரிக்கக் கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஈயம் கலந்திருக்கும். அச்சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்குவதும் ஆபத்தானது.

ஏற்கெனவே உலர்வாகத் தேய்த்துவிட்டால்?

அச்சமோ குற்றவுணர்வோ கொள்ள வேண்டாம்; உடனே செய்யத்தக்கவை உள்ளன. வேலையை நிறுத்தி, குழந்தைகளையும் கருவுற்றவரையும் வேறிடத்திற்கு அனுப்புங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தரை, சன்னல் விளிம்பு, விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நீரை அடிக்கடி மாற்றுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூசியை மீண்டும் காற்றிலேயே பரப்பும் என்பதால் அதனைத் தவிர்க்கவும்.

பின்னர் மருத்துவரை அணுகுங்கள். வேலை நடந்த நாள், எத்தனை நாள் நீடித்தது, வீட்டில் யார் யார் இருந்தனர் ஆகியவற்றைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தில் உள்ள ஈயத்தின் அளவு சில வாரங்களில் குறையத் தொடங்கும். உடலில் தங்கியதோ எலும்பில் பல்லாண்டுகள் இருக்கும். எனவே பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் அளவு உயர்ந்து காணப்பட்டால், தோலில் ஒட்டிய தூசியும் அதற்குக் காரணமாகலாம் என்பதால், சிரையிலிருந்து இரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

பரிசோதனை முடிவும் சிகிச்சையும்

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிந்து அகற்ற வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பெரும்பாலானோருக்கு இதுவே முதன்மையான சிகிச்சை. குழந்தைகளுக்கு 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயத்தை வெளியேற்றும் மருந்துகள் மருத்துவக் கண்காணிப்பில் அளிக்கப்படும். ‘நச்சு நீக்கி’ என்று விற்கப்படும் பொருள்களைத் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கேழ்வரகு, கீரை, பால், பயறு, நெல்லிக்காய் போன்ற உணவுகள் சத்துக்குறைவைப் போக்கி, ஈயம் மேலும் உறிஞ்சப்படுவதைக் குறைக்க உதவும். அவை பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் மாற்றாகா.

பழைய அலமாரியைப் புதுப்பிக்கச் சில நாள் தாமதமானால் இழப்பு ஏதுமில்லை. பிரசவ நாள் நெருங்கிவிட்டதெனில், இவ்வேலையைக் கைவிட்டு, அலமாரியை ஈரத்துணியால் துடைத்து, குழந்தை இருக்கப்போகும் அறைக்கு வெளியே வைப்பதே சாலச் சிறந்தது.