காற்றில் குளிரும் இயந்திரம்

ஈப்போ வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அத்தோட்டங்களின் செம்மண் சாலைகளில் ஓடிய வண்டிகளுள் ஒன்றை மட்டும் இன்றும் அங்குமிங்கும் காண்கிறோம். முதுகு வளைந்த வோக்ஸ்வேகன்தான் அது. அதன் பழைய இயந்திரத்தைப் பெரிதாக்கி, அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த இளைஞர் சிலர் விரும்புகின்றனர். எவ்வளவு பெரிதாக்கலாம்? இதற்கு விடையை அவ்வியந்திரத்தின் வரலாற்றிலேயே காண்போம்.

இவ்வண்டியை வடிவமைத்தவர் பெர்டினாண்ட் போர்ஷே. 1938இல் இயந்திரத்தின் கொள்ளளவு 985 கன சென்டிமீட்டர். போர் முடிந்த 1945இல், ஜெர்மனியின் வோல்ப்ஸ்பர்க் ஆலையைப் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி ஐவன் ஹர்ஸ்ட் மீண்டும் இயங்கச் செய்தார். அப்போது கொள்ளளவு 1131. ஆற்றல் 25 குதிரைத் திறன். பின்னர் 1954இல் 1192, 1965இல் 1285, 1966இல் 1493, 1970இல் 1584 எனக் கொள்ளளவு படிப்படியாக வளர்ந்தது. ஆற்றலும் 50 குதிரைத் திறனாயிற்று. 985இலிருந்து 1584ஐ எட்ட 32 ஆண்டுகள் பிடித்தன. ஏன் இத்தனை நிதானம்?

இந்த இயந்திரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கிடையாது. பெல்ட்டால் சுழலும் விசிறியின் காற்றும், சுமார் 2.5 லிட்டர் எண்ணெயுமே அதன் சூட்டைத் தணிக்கின்றன. கொள்ளளவு கூடினால் எரியும் பெட்ரோலும் கூடும், சூடும் கூடும். பழைய அமைப்பில், எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை மறித்து நின்றது. 1584 வந்த காலத்தில் ஆலை அக்கருவியை இடம் மாற்றி, அதற்குத் தனிக் காற்றுவழி அமைத்தது. இயந்திரம் வளர்ந்தபோது குளிர்விக்கும் வசதியும் உடன் வளர்ந்தது என்பதே நாம் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 69 மில்லிமீட்டர். சிலிண்டரின் உள்விட்டம் 77 என்றால் நான்கு சிலிண்டர்களுக்கும் 1285 கிடைக்கும், 85.5 என்றால் 1584, 90.5 என்றால் சுமார் 1775. கணக்கு எளிது, பட்டறை வேலை எளிதன்று. இயந்திர உடலைக் கடையாமல் பொருத்தும் 88 மில்லிமீட்டர் சிலிண்டரின் சுவர் மெல்லியது, சூட்டில் உருமாறும். 90.5 பொருத்த வேண்டுமானால் உடலையும் தலைப்பகுதியையும் கடைய வேண்டும். தலைப்பகுதியின் எரிஅறையைச் சரிசெய்யாவிட்டால் அழுத்தம் மிகுந்து சூடும் ஏறும்.

1994இல் முழுமை பெற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் வழியில் மெனோரா சுரங்கப்பாதை மேடு இருக்கிறது. அம்மேட்டில் தினமும் ஏறி இறங்கும் வண்டிக்கு, ஆலையே சோதித்துத் தந்த 1584 பொருத்தமான அளவாகும். இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவைத் திருத்துவதும் அவசியம்.

பராமரிப்பையும் மறத்தலாகாது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுக. இயந்திரம் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீட்டருக்குச் சரிசெய்க. ஓடும்போது மின்னாக்கியின் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துக; பெல்ட் அறுந்திருக்கலாம். பெல்ட் அறுந்தால் விசிறி நிற்கும். சில நிமிடங்களில் இயந்திரமே பாழாகும்.

2003 ஜூலை 30ஆம் நாள், மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி வண்டி வெளிவந்தது. உலகில் உருவானவை மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். இனிப் புதியது வராது. இருப்பதைக் காப்பது நம் கையில் இருக்கிறது. ஆகவே, இயந்திரத்தைப் பெரிதாக்க எண்ணுவோர் முதலில் அதன் விசிறியையும் காற்றுவழியையும் எண்ணெயையும் கவனிப்பார்களாக.