பயமா, மரியாதையா? ராணுவப் பள்ளிக்குள் ஒரு நாவல்

மிரட்டினால் தலைவன் ஆகிவிடலாமா? நோபல் பரிசு பெற்ற பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்காஸ் யோசாவின் முதல் நாவல் கேட்கும் கேள்வி இதுதான். 1963-ல் வெளியான அதன் ஸ்பானிஷ் தலைப்புக்கு 'நகரமும் நாய்களும்' என்று அர்த்தம். புதுசா சேரும் பசங்களுக்கு சீனியர்கள் வைக்கும் பட்டப்பெயர்தான் 'நாய்கள்'!

கதை நடப்பது லிமாவை ஒட்டியுள்ள லியோன்சியோ பிராடோ ராணுவப் பள்ளியில். யோசா நிஜமாகவே 2 வருஷம் படித்த இடம். சீனியர்களின் ராகிங்கைச் சமாளிக்க 'ஜாகுவார்' என்பவன் ஒரு கேங் சேர்க்கிறான். அந்த கேங் கெமிஸ்ட்ரி கேள்வித்தாளைத் திருடுகிறது. எல்லோரிடமும் அடிவாங்கும் 'அடிமை', வெளியே போக லீவு கிடைக்கும் என்பதற்காகத் திருடியவனைக் காட்டிக்கொடுக்கிறான். அப்புறம் ஒரு பயிற்சியின்போது குண்டு பாய்ந்து இறந்துபோகிறான்.

பள்ளியின் பேர் கெடக்கூடாதே! விபத்து என்று ஃபைலை மூடுகிறது நிர்வாகம். விசாரிக்கச் சொல்லும் ஒரே அதிகாரி லெப்டினன்ட் கம்போவா. ரொம்ப ஸ்ட்ரிக்ட், ஆனால் நேர்மையானவர். அதற்குக் கிடைத்த பரிசு? தூரத்து மலைப்பகுதிக்கு டிரான்ஸ்ஃபர்.

எல்லோரும் பயந்த ஜாகுவார், கடைசியில் உண்மையைச் சொல்லத் தேடிப்போவது கம்போவாவைத்தான். பயம் அதட்டினாலே வந்துவிடும். மரியாதைக்கு விலை கொடுக்கணும்!