ஏழால் வகுபடுமா?



நம்ம பங்சார் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டமாக இருந்தது பெரியவர்களுக்குத் தெரியும். புங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பியரின் பெயர்கள் ஒட்டித்தான் 'பங்சார்' ஆயிற்று என்பார்கள். அந்தத் தோட்டத்தில் 455 மரங்களை ஏழு பேருக்குச் சரியாகப் பங்கு போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மீதி வருமா, வராதா? வகுக்காமலே சொல்ல முடியுமா?

2, 5, 10 ஆகியவற்றுக்குக் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும். 3-க்கும் 9-க்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கிறோம். இது நேற்று வந்த வித்தையல்ல. பத்தாம் நூற்றாண்டிலேயே இரண்டாம் ஆரியபட்டர், ஒன்பது ஒன்பதாகத் தள்ளி விடையைச் சரிபார்க்கும் வழியைத் தமது மகாசித்தாந்தத்தில் சொல்லியிருக்கிறார். பிரான்சு நாட்டு பாஸ்கல் எழுதி, அவர் மறைந்தபின் 1665-இல் அச்சேறிய கட்டுரை, எந்த எண்ணுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு என்று காட்டியது. ஆனாலும் பள்ளிப் புத்தகங்கள் பல 7 வந்தால் மட்டும் நழுவிவிடும்.

2019-இல் லண்டனில் படித்துவந்த சிக்கா ஒஃபிலி என்ற 12 வயது நைஜீரியச் சிறுவன், விடுமுறைக்கு ஆசிரியை கொடுத்த புத்தகத்தில் 7-க்கு விதி இல்லாததைப் பார்த்து, தானே யோசித்து ஒன்றைக் கண்டான். கடைசி இலக்கத்தை 5-ஆல் பெருக்கி, மிச்ச எண்ணோடு கூட்டு. வருவது 7-ஆல் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். 455-இல் 45-உம் 25-உம் 70. வகுபடும்! ஆளுக்கு 65 மரம்.

பத்திரிகைகள் இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதின. ஆனால் இதே முறை 1965-இல் வெளிவந்த 'வேத கணிதம்' என்ற நூலில் இருக்கிறது. எழுதியவர் திருநெல்வேலித் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். பூரி மடத்துச் சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர். 1960-இல் காலமானார். அவர் காட்டிய சூத்திரங்கள் வேதத்தில் இல்லை என்று அறிஞர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நம்மவர் சொன்னார் என்பதற்காக அதையும் சேர்த்து மார்தட்டத் தேவையில்லை. விதி சரியானது, அவ்வளவுதான். சிறுவனின் பெருமையும் இதனால் குறையாது.

வகுப்பில் இந்த விதியைச் சொன்னால் பிள்ளைகள் உடனே நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். "ஏன் சார் அப்படி?" என்று கேட்பது ஒருவரோ இருவரோதான். பரீட்சைக்கு விதி போதாதா என்று பெற்றோர் சிலரும் சொல்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. காரணத்தைப் பாருங்க, ஒன்றும் கஷ்டமில்லை.

455 என்பது 45 பத்தும் ஓர் ஐந்தும். அதை ஐந்து மடங்காக்கினால் 45 ஐம்பதும் ஓர் இருபத்தைந்தும். ஐந்தால் பெருக்குவதால் 7-ஆல் வகுபடும் குணம் வரவும் வராது, போகவும் போகாது. ஒவ்வோர் ஐம்பதிலும் 49-ஐ, அதாவது ஏழேழை, எடுத்துவிடுங்கள். ஒன்று மிஞ்சும். ஆக, 45 ஒன்றுகளும் 25-உம் தான் பாக்கி. விதி பிறந்த இடம் அந்த 49.

13-க்கு 5-ஐ விட்டு 4-ஆல் பெருக்க வேண்டும். நாற்பதில் 39 போனால் அங்கேயும் ஒன்றுதான் மிச்சம், 39 மும்மடங்கு 13. அதே 455-ஐப் போட்டுப் பாருங்க: 45-உம் 20-உம் 65. அது ஐந்து பதின்மூன்று. பதின்மூன்று பேர் வந்தாலும் ஆளுக்கு 35 மரம் சரியாக வரும்.