கயிறு மச்சான் கையில்

ஆவூரில் கடல் கிடையாது. கண்மாயும் கிணறும்தான். எங்கள் தலைமுறைக்கு முங்கு நீச்சல் பழகிய இடம் கமலைக் கிணறு. கயிறு அறுந்து விழுந்த வாளியை அடியிலிருந்து எடுத்து வருவதுதான் அதில் பெரிய வித்தை. அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் வந்து என் அக்கா மகன் கேட்கிறான்: “மாமா, டிசம்பர் லீவுல நாலு பேரா திருகோணமலை போறோம். கரையிலேருந்தே நடந்து இறங்கி டைவ் அடிக்கலாமாம். முத்துக்குளிப்பு பத்தியெல்லாம் படிச்சவர் நீங்க, ஏதாவது சொல்லுங்களேன்.”

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். சிலிண்டர் மாட்டத் தெரியாது. ஆனால் அவன் இறங்கப்போகும் கடலுக்குப் பக்கத்துக் கடலில் இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் மூழ்கி எழுந்த கதை ஓரளவு தெரியும். ஆவூருக்கும் அந்தக் கதைக்கும் ஒட்டுறவு உண்டு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கியது முத்துக்குளிக்கும் பரதவர்களின் கரையில். வியாபாரத்துக்காக மதுரைக்கு வந்துபோன அந்தப் பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனிக்கத்தான் 1595இல் கொன்சாலோ பெர்னாண்டஸ் மதுரையில் தங்கினார். பிறகு 1606இல் ராபர்ட் தெ நொபிலி வந்தார். அந்த மதுரை மிஷன் வடக்கே நகர்ந்து, அந்த நூற்றாண்டின் கடைசியில் புஷே பாதிரியார் எங்கள் ஊரில் கோயில் கட்டினார். முத்துக் கரையில் தொடங்கிய பாதைதான் ஆவூர் மேட்டுக்காட்டுக்கு ஏறி வந்தது.

முத்துக்குளிப்பைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு பெருமிதம் உண்டு. கொற்கை என்றதும் நெஞ்சு நிமிர்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமி எழுதிய ‘பெரிபுளூஸ்’ நூல், அங்கே முத்தெடுக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. விரும்பி இறங்குகிற வேலையாக அது இருக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பதினெட்டு நூற்றாண்டு கழித்து ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகளிலும், நீரை விட்டு ஏறிய குளியாளின் மூக்கிலும் காதிலும் ரத்தம் வடிவது வருகிறது. காசு கொடுத்து, ஆசைப்பட்டு மூழ்குவது நேற்று வந்த பழக்கம். ஆகவே அந்தத் தொழிலின் விதிகள் வேடிக்கைக்காக உண்டானவை அல்ல; உயிர்களைக் கொடுத்து வாங்கியவை.

முதல் விதி, நாள் குறிப்பது கடல். வாடைக்காற்று ஓய்ந்து கச்சான் தொடங்குமுன் மன்னார் வளைகுடா சிறிது காலம் அடங்கிக் கிடக்கும். சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்ததெல்லாம் அந்த இடைவெளியில்தான், ஏறக்குறைய மாசி பிறந்து சித்திரை முடிவதற்குள். 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவும் ஏப்ரலிலிருந்து மே நடுப்பகுதி வரை என்றே எழுதினார். நினைத்த ஆண்டெல்லாம் சலாபம் கூடியதும் இல்லை. அதிகாரிகள் முன்கூட்டியே சிப்பி விளையும் கடலடிப் பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியிருந்தால்தான் அறிவிப்பார்கள். இலங்கைப் பக்கத்தில் 1891க்குப் பிறகு 1903 வரை ஒரு சலாபமும் இல்லை. காரணம் கண்டுபிடிக்க ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரும் ஜேம்ஸ் ஹார்னெலும் 1902இல் அழைத்துவரப்பட்டார்கள். காத்திருந்ததற்குப் பலன் 1905இல் கிடைத்தது: எட்டுக் கோடிக்கு மேல் சிப்பிகள், அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய். மரிச்சுக்கட்டியின் வெறும் மணலில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழுந்து, சலாபம் முடிந்ததும் கலைந்தது.

ஒவ்வொரு நாளும் காற்றின் கணக்கில்தான் ஓடியது. நள்ளிரவை ஒட்டிக் கரையில் பீரங்கி வெடிக்கும். தரைக்காற்றில் பாய் விரித்துத் தோணிகள் பார்களுக்குப் போகும். விடிந்ததும் குளிப்பு ஆரம்பம். உச்சிப்பொழுதில் மறு வெடி. அதோடு வேலை நின்றது. கடற்காற்றில் தோணிகள் கரை திரும்பும். கொள்ளை கொள்ளையாகச் சிப்பி கண்ணெதிரே கிடந்தாலும், வெடிக்குப் பின் ஒரு முழுக்கு அதிகம் கிடையாது. இந்தச் சலாபங்களை மேற்பார்க்க இலங்கை ஆளுநர் பிரெடெரிக் நார்த் 1800களின் தொடக்கத்தில் அரிப்பு என்ற ஊரில் ஒரு மாளிகை கட்டினார். அது அல்லிராணி கோட்டை என்ற பேரோடு கடலோரத்தில் இடிந்து நிற்கிறது.

இரண்டாவது விதி, யாரும் தனியாக இறங்குவதில்லை. ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் நீரில் மிதந்து இளைப்பாறுவார். காலில் மாட்டிய கல் ஐந்து முதல் பத்து பாகம் ஆழத்துக்கு இழுத்துப் போகும். அடியில் இருப்பது ஒரு நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே. அராபியர்கள் மூக்குக்குக் கொம்பில் செய்த கவ்வி போடுவார்கள். நம்மவர்கள் விரலால் பிடித்துக்கொள்வார்கள். கயிறு தோணியில் நிற்பவர் கையில். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் அவர் தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பது வழக்கம் என்று தென்கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கை தாலியை நினைத்தாவது மச்சான் அசந்துபோக மாட்டான் என்பது கணக்கு. உண்மையோ கற்பனையோ, அதில் உள்ள அறிவு மெய்: மேலே நிற்பவனுக்கு உன் உயிரில் பங்கு இருக்க வேண்டும்.

கரையில் இன்னொருவரும் இருந்தார், கடல்கட்டி. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுபவர். மார்க்கோ போலோ காலத்தில் அவருக்கு இருபதில் ஒரு பங்கு. வெள்ளைக்கார அரசாங்கம் மந்திரத்தை நம்பவில்லை. ஆனால் அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள் என்பதால் கூலி கொடுத்து வைத்துக்கொண்டது. எனக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம், மூழ்கப்போகிறவனை விட்டு வேறொருவரிடம் இருந்தது பாருங்கள், அதை மதிக்கிறேன்.

இதுவரை சொன்னதை மருமகனுக்கு வேண்டிய மொழியில் மாற்றுவது சுலபம். தோணியில் போகிறவனைத் தோணி தேடி வந்து ஏற்றிக்கொள்ளும். கரையிலிருந்து இறங்குகிறவன் தானே திரும்பி நடந்து வர வேண்டும். அதனால் இறங்கும் இடத்தைவிட ஏறும் இடத்தை முதலில் பார். உடுப்பு மாட்டுமுன் இருபது நிமிடம் நின்று அலையைக் கவனி. சின்ன அலைகளுக்கு நடுவே பெரிய அலைகள் கூட்டமாக வரும் முறை புரியும். மற்ற இடமெல்லாம் நுரைத்து உடையும்போது ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் ஏமாறாதே. தண்ணீர் வெளியே இழுத்துப் போகும் வழி பெரும்பாலும் அதுதான். கரைவலை இழுக்கிறவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை கேள். அவர்களுக்கு அந்தக் கரையின் குணம் தெரியும். அலை உடையும் இடம் தாண்டும்வரை முகமூடி முகத்திலும் காற்றுக்குழாய் வாயிலும் இருக்கட்டும், போகும்போதும் வரும்போதும். முள் நிறைந்த கடல் முள்ளெலியும் மணலில் புதைந்த திருக்கையும் வெறுங்காலுக்குக் காத்திருக்கும். கெட்டி அடி வைத்த காலணி போட்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நட. போகையில் நீரோட்டத்துக்கு எதிராகப் போ. களைத்துத் திரும்பும்போது அது உன்னைத் தள்ளிவிடும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பு. உனக்கு மச்சான் இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே நாலு பேரில் ஒருவன் கரையிலேயே இருக்கட்டும். எத்தனை மணிக்கு வரவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பழைய பாடம் அப்படியே தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. குளியாள் மேலே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு போனார். பத்து மீட்டரில் அது பாதியாகச் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கே விரிந்தது. சிலிண்டர் காற்று அப்படி அல்ல. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்ததை அடக்கியபடி மேலே வந்தால் அது இரண்டு மடங்காகி நுரையீரலைக் கிழிக்கும். முத்துக்குளிக்காரரின் பேரன் என்றாலும் மூச்சை விட்டுக்கொண்டேதான் ஏற வேண்டும், அதுவும் மெதுவாக. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியபோது அடியில் இருக்கும் நேரம் நீண்டது; மூட்டுவலியும் முடக்கமும் கூடவே வந்தன. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் அவசரத்தை மன்னிப்பதில்லை. அதனால்தான் கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விடச் சொல்கிறார்கள்.

தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961இல் முடிந்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 1956இல், இங்கிலாந்திலிருந்து வந்த ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் முதுகில் சிலிண்டருடன் திருகோணமலைச் சுவாமி மலையடியில் இறங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் கண்டார்கள். தொழிலாக இருந்த மூழ்கல் ஆசையாக மாறியது ஏறக்குறைய அந்தக் காலம். அந்த ஆசைதான் என் மருமகனையும் இழுக்கிறது. அதைத் தப்பு சொல்ல மாட்டேன்.

தப்பு மாதத்தில் இருக்கிறது. டிசம்பரில் கிழக்குக் கரை வாடையின் வாயில் நிற்கும். அலையும் கலங்கலும்தான் மிச்சம். திருகோணமலைக் கடல் தெளிவது மே முதல் செப்டம்பர் வரை. பழைய குளியாட்களுக்குக் கடல் நாள் குறித்தது. இவனுக்கு ஆபீஸ் குறிக்கிறது. இதைச் சொன்னதும் பையன் முகம் வாடிவிட்டது. “டிக்கெட் போட்டாச்சே மாமா.”

“கொழும்பு வரைக்கும்தானே போட்டிருக்கே மாப்பிள்ளை? அங்கேருந்து கிழக்கே போகாதே, தெற்கே திரும்பு. டிசம்பர் கடைசியிலே ஹிக்கடுவைப் பக்கம் கடல் அடங்கிக்கிட்டு வரும். லீவை மாத்த முடியலேன்னா கரையை மாத்து.”