இரண்டாவது கண்ணாடிக்கு இடம் உண்டா?

எடின்பரோவில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். 1880களில் கட்டிய கல் கட்டடம். காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்து வழிந்து, கீழ்ச்சட்டத்தில் தேங்கி நிற்கும். அதைத் துணியால் ஒற்றி எடுப்பது என் வேலையாயிற்று.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கலாம் என்றார். அடுத்து வந்தவர் வயதான தச்சர். சிறு கத்தியால் மரத்தைக் குத்திப் பார்த்தார், இறங்கவில்லை. "மரம் வைரம் பாய்ந்து கிடக்கிறது. இதை எறிவது பாவம். கண்ணாடியை மட்டும் இரட்டையாக்குவோம்" என்றார். பிறகு கண்ணாடி உட்காரும் பள்ளத்தை அளந்தார். அந்தப் பள்ளத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இங்கிலாந்தில் 1696-இல் ஜன்னல்களின் எண்ணிக்கைக்கு வரி போட்டார்கள். அது 1851 வரை நீடித்தது. அது போதாதென்று 1746-இல் பிரிட்டனில் கண்ணாடிக்கும் எடைக்கணக்கில் வரி வந்தது. எடைக்கு வரி என்றால் யார் கனமான கண்ணாடி செய்வார்கள்? மெல்லிய, சிறு சிறு கண்ணாடிகள். அவற்றைத் தாங்க விரல் பருமனே உள்ள மரக்குச்சிகள். அந்தக் காலத்து ஜன்னல்களின் நளினத்தில் வரிக்கும் பங்கு உண்டு.

1845-இல் கண்ணாடி வரி நீங்கியது. பெரிய, கனத்த கண்ணாடிகள் வந்தன. அவற்றைத் தாங்கச் சட்டமும் தடித்தது. மூலைப் பொருத்து விடாமலிருக்க மேல்சட்டத்தின் அடியில் கொம்பு போல மரத்தை நீட்டிவிட்டார்கள். மகள் வீட்டு ஜன்னல் இந்த வகை.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றை அடைத்தால் குளிர் உள்ளே வராது என்பதும் பழைய யோசனைதான். நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் 1865-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இன்று பரவலாக விற்கும் இரட்டைக் கண்ணாடி 24 மி.மீ. தடிமன். பழைய சட்டத்தில் அது உட்காராது. தச்சர் 12 மி.மீ. மெல்லிய வகையை வரவழைத்து, பள்ளத்தைச் சற்றே ஆழப்படுத்திப் பொருத்தினார்.

அதோடு முடியவில்லை. இந்த ஜன்னல் மேலும் கீழும் நகர்வது. இருபுறமும் மரப்பெட்டிக்குள் கப்பியில் கயிறு ஓட, அதன் நுனியில் இரும்புக் குண்டு தொங்கும். கண்ணாடி இரண்டானதும் எடை கூடிவிட்டது. பெட்டியில் பெரிய குண்டுக்கு இடமில்லை. எனவே இரும்பை எடுத்துவிட்டு, அதே பருமனில் கனம் கூடிய ஈயத்தை மாட்டினார். ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த பழைய லப்பத்தையும் தொடவில்லை. அந்த எண்ணெய் இரட்டைக் கண்ணாடியின் ஓரத்து அடைப்பை அரித்துவிடுமாம். பிறகு நடுவில் ஈரம் புகுந்து பனிமூட்டம் போலாகும், துடைக்கவும் முடியாது.

மகளின் தோழி வீடு இன்னும் பழையது, விரல் பருமன் குச்சி ஜன்னல். அதற்கு 12 மி.மீ. கூட அதிகம். அங்கே தச்சர் சொன்ன வழி, வெற்றிடக் கண்ணாடி. நடுவில் காற்றே இல்லாததால் இடைவெளி 0.2 மி.மீ. போதும், மொத்தம் 6.2 மி.மீ. சிட்னி பல்கலைக்கழகத்தார் 1989-இல் செய்து காட்டியது. ஜப்பானில் 1997-இல் விற்பனைக்கு வந்தது. தத்துவம் நம் வீட்டுத் தெர்மாஸ் பிளாஸ்க்தான். அதன் மூலமான வெற்றிடக் குடுவையை 1892-இல் செய்த ஜேம்ஸ் டூவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்!

வேலை முடிந்த மறுநாள் பழக்கதோஷத்தில் துணியோடு போனேன். கண்ணாடி உலர்ந்திருந்தது. ஆனால் பழைய கண்ணாடியில் எதிர்வீடு நீருக்குள் இருப்பதுபோல லேசாக நெளியும், அது போய்விட்டது. மகளுக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கும்தான்.

வெளிநாட்டில் பழைய வீடு வாங்கும் பிள்ளைகள் உங்களுக்கும் இருக்கலாம். ஜன்னலைப் பிடுங்குமுன் மரத்தைக் குத்திப் பார்க்கவும் பள்ளத்தை அளக்கவும் சொல்லுங்கள். எறிந்துவிட்டால் அந்த மரம் திரும்பக் கிடைக்காது.