வாணிகக் கூடம் மருத்துவமனையாகிய வரலாறு

கட்டடங்களுக்கும் தொழில் உண்டு. கடையாகக் கட்டியது கடையாகவும், கிடங்காகக் கட்டியது கிடங்காகவும் நின்று பயன் தருகின்றன. ஆயினும், மனிதரைப் போலவே கட்டடங்களும் சில வேளைகளில் தொழில் மாறுவதுண்டு. விருந்தினர் துயின்ற விடுதியில் நோயாளர் கிடப்பதும், தானியம் விலைபேசிய கூடத்தில் மருத்துவர் நாடி பார்ப்பதும் உலகம் பலமுறை கண்ட காட்சிகளே. அம்மாற்றத்தால் பிழைத்தவர் பல்லாயிரவர். எண்ணிப் பாராது செய்த மாற்றத்தால் மாண்டவரும் உளர்.

இப்பொருளை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் காலனியின் வாயிலருகே நிற்கும் இரண்டடுக்குக் கடைத்தொகுதியில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். சென்ற மழைக்காலத்தில், சாலையில் முழங்காலளவு நீர் தேங்கிய இரவொன்றில், நெஞ்சுவலி கண்ட பெரியவர் ஒருவரை நாற்காலியில் அமர்த்திப் பெருஞ்சாலை வரை தூக்கிச் சென்றோம். இறையருளால் அவர் பிழைத்தார். "பூட்டிக் கிடக்கும் கடைகளை ஒரு மருத்துவமனையாக்கினால் என்ன?" என்று அதன்பின் நம் பொதுக்குழுவில் இளைஞர் சிலர் கேட்டனர். "கடைக்கென்று கட்டியதில் நோயாளியைக் கிடத்தலாமா?" என்று முதியோர் சிலர் ஐயுற்றனர். இரு கூற்றிலும் பொருள் உண்டு. இருவருக்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது.

நாம் பிறந்த மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்தார் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றனர். பின்னர் அங்கே கோட்டை எழுப்பினர். கால் நூற்றாண்டு கழிந்தும் அங்கு நோயாளருக்கென ஓர் இடம் அமையவில்லை. படைவீரர் நோயுற்றுக் கவனிப்பாரின்றி மடிவதைக் கண்ட அதிகாரிகள், சர் எட்வர்டு வின்டர் தலைமை வகித்த காலத்தில், 1664 நவம்பரில், கோகன் என்பவரின் வீட்டை மாதம் இரண்டு வராகன் வாடகைக்குப் பிடித்தனர். இந்தியாவில் ஆங்கிலேயர் அமைத்த முதல் மருத்துவமனை என்று பலர் குறிப்பிடுவது அவ்வாடகை வீட்டையே. நோயாளரைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் அமர்த்தப்பட்டனர். மருத்துவர் ஒப்பிய உணவும் பானமுமன்றி வேறெதுவும் உள்ளே செல்லலாகாது என்றும் விதித்தனர். அவ்வொரு விதியே குடியிருந்த வீட்டை மருத்துவமனை ஆக்கிற்று எனலாம். அங்குத் தொடங்கிய மரபு பல இடங்கள் மாறி, 1772 முதல் இன்றைய இடத்தில், சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரே, அரசுப் பொது மருத்துவமனையாக விளங்கி வருகிறது.

ஆனால் கட்டடத்தின் உட்புறத்தை ஆராயாமல் நோயாளரைக் கிடத்தினால் என்ன நேரும் என்பதற்கு வேறொரு நாட்டுச் சான்று உண்டு. 1854-இல், கிரிமியப் போரின்போது, இஸ்தான்புல் நகருக்கு எதிர்க்கரையில், ஸ்கூட்டாரியில் இருந்த பெரும் படைவீட்டைப் பிரிட்டிஷார் மருத்துவமனையாக்கினர். அவ்வாண்டு நவம்பரில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அங்கே சென்று தொண்டு புரிந்தார். உணவும் துணியும் பரிவும் கிடைத்தும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் மடிந்தனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் படைவீட்டின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைக் கழுவினர்; காற்றோட்டத்திற்கு வழி செய்தனர். ஜூன் மாதத்தில் அவ்விகிதம் நூற்றுக்கு இரண்டளவாகத் தாழ்ந்தது. போர்க்களத்துக் குண்டைவிடத் தம் கட்டிலுக்குக் கீழ் ஓடிய கழிவுநீரே வீரர்களுக்குக் கொடிய பகையாயிருந்தது. பிற்காலத்தில் அம்மையார் மருத்துவமனைக் கட்டட அமைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இனி நம் மும்பைக்கு வருவோம். அப்போலோ பந்தரில் கடலை நோக்கி நிற்கும் தாஜ்மகால் விடுதியை ஜாம்செட்ஜி டாட்டா 1903 டிசம்பரில் திறந்தார். மின்விளக்கும் மின்தூக்கியும் கண்டு நகரம் வியந்த விடுதி அது. முதல் உலகப் போரின்போது அதே மாளிகை 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று. மெசபொடேமியப் போர்முனையில் காயமுற்றோரும் நோயுற்றோரும் கப்பல் கப்பலாக வந்திறங்கிய துறைமுக நகரம் பம்பாய். கப்பலிலிருந்து இறக்கியவரை நெடுந்தொலைவு கொண்டு செல்லாமல் கிடத்துவதற்குக் கரையோர விடுதி ஏற்றதாயிற்று. அந்நாளில் கட்டி முடிந்திருந்த வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகமும் இவ்வாறே படை மருத்துவமனையாகப் பயன்பட்டது. அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது 1922-இல்தான்.

விடுதி மருத்துவமனையாவது எளிது. அதற்குரிய காரணமும் தெளிவானது. விடுதியும் மருத்துவமனையும் இரவும் பகலும் மனிதர் தங்கும் இடங்கள். அறைகளில் சாளரம் உண்டு. குளியலறையும் கழிவுநீர்க் குழாயும் பரவலாக உண்டு. பெரிய சமையலறையும் சலவைக்கூடமும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை கடைக்கு இல்லை. தொழில் மாற்றும்போது பழைய தொழிலும் புதிய தொழிலும் எத்துணை உறவுடையன என்று பார்ப்பதே முதற் கடமை என்பதைத் தாஜ் விடுதி காட்டுகிறது.

அதே போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நிகழ்ந்ததையும் இந்தியர் நாம் மறத்தலாகாது. பிரெஞ்சு மண்ணில் காயமுற்ற இந்திய வீரர்களுக்காக அங்குள்ள பழைய அரண்மனையையும், அதனை அடுத்த இசைமண்டபத்தையும், தானியச் சந்தைக் கூடத்தையும் 1914 டிசம்பரில் மருத்துவமனையாக்கினர். அச்சந்தைக்கூடம் இளவரசரின் குதிரைப் பயிற்சிக்கூடமாகக் கட்டப்பட்டு, 1868 முதல் தானிய வாணிகம் நடந்த இடம். அங்கே எழுநூறுக்கு மேற்பட்ட படுக்கைகள் அமைந்தன. அவரவர் சமய ஒழுக்கத்திற்கு ஏற்ப ஒன்பது சமையலறைகள் வைத்தனர். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய் அமைத்தனர். 1916 தொடக்கம் வரை நாலாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் அங்கே மருத்துவம் பெற்றனர். ஆட்சியாளரின் அரசியல் நோக்கம் அதில் கலந்திருந்தது உண்மையே. ஆயினும், நோயாளி எதை உண்பான், எந்த மொழியில் பேசுவான் என்று எண்ணாமல் கட்டிலை மட்டும் வரிசையாக இட்டால் மருத்துவமனை முழுமை பெறாது என்ற பாடம் அங்கே உண்டு. அயல்மொழி நகரில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மேற்கூறியவை போர்க்கால அவசரங்கள். அமைதிக் காலத்து மாற்றத்திற்குச் சென்னை ஓமந்தூரார் வளாகம் சான்று. சட்டமன்றத்திற்கும் தலைமைச் செயலகத்திற்கும் என எழுந்த அக்கட்டடம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதனைப் பல்துறை மருத்துவமனையாக மாற்றுவதென 2011-இல் அரசு அறிவித்தது. 2014 பிப்ரவரியில் மருத்துவமனை திறக்கப்பட்டது. அறிவிப்பு முதல் திறப்பு வரை இரண்டரை ஆண்டுகள்! அம்முடிவைப் பற்றி எழுந்த அரசியல் வாதங்கள் இங்கு நமக்கு வேண்டா. புதிதாய் எழுந்த உறுதியான கட்டடமும், அரசின் பொருளும் இருந்தபோதே இத்துணைக் காலம் ஆயிற்று என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

2020-இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது காலம் யாருக்கும் கிட்டவில்லை. சீனத்து வூகான் நகரில் கண்காட்சிக் கூடங்களும் விளையாட்டரங்குகளும் பிப்ரவரியிலேயே மருத்துவக் கூடங்களாயின. சென்னையில் நந்தம்பாக்கம் வர்த்தக மையம் அவ்வாறே மாறியது. நம் மும்பையில் கோரேகாவ் கண்காட்சிக் கூடங்களும் வொர்லி விளையாட்டரங்கமும் படுக்கைகளால் நிறைந்தன. நம்மவர் பல்லாயிரவர் வாழும் தாராவியில் ஏப்ரல் முதல் நாள் தொற்று கண்டறியப்பட்டது. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப்பேர் வாழும் இடத்தில் நோயுற்றவர் எங்கே தனித்திருப்பார்? பள்ளிகளும் மண்டபங்களும் அவருக்கு இடம் தந்தன. இயற்கைப் பூங்காவின் வண்டி நிறுத்துமிடத்தில் 200 படுக்கை மருத்துவமனை சில கிழமைகளில் எழுந்தது.

சுவரில்லாக் கண்காட்சிக் கூடம் அன்று பயன்பட்டது எவ்வாறு? அங்கே கிடந்தோர் அனைவருக்கும் ஒரே நோய். ஒருவர் மற்றவருக்குப் புதிதாய் நோய் தருவார் என்ற அச்சம் குறைவு. கூரை உயரம், தரை அகலம், செவிலியர் ஒருவர் நின்ற இடத்திலிருந்தே பலரைக் காணலாம். ஆனால் காசநோயாளியும், அறுவை முடிந்தவரும், பச்சிளங் குழந்தையும் சேர்ந்து வரும் சாதாரண நாளில் அதே கூடம் தீங்காய் முடியும். அன்று வெற்றி தந்ததைப் பார்த்து, எக்கூடமும் எந்நாளும் மருத்துவமனை ஆகும் என்று எண்ணுவது பிழை.

அப்பிழையின் விலையையும் நாம் கண்டோம். 2020 ஆகஸ்டு 9-ஆம் நாள் விடியற்காலையில், விஜயவாடாவில் கொரோனா நோயாளரைத் தங்கவைத்திருந்த விடுதியொன்றில் தீப்பற்றிப் பத்துப்பேர் மாண்டனர். 2021 மார்ச் 25-ஆம் நாள் நள்ளிரவில், நம் மும்பையின் பாண்டுப்பில், வணிக வளாகம் ஒன்றில் மூண்ட தீயின் புகை, மேல்தளத்தில் இயங்கிய மருத்துவமனைக்குள் புகுந்தது. ஏறத்தாழப் பத்து உயிர்கள் போயின. வளாகத்தில் கடைகள் மூடியிருந்த வேளை அது. கடைகள் மட்டுமே இருந்திருப்பின் பொருளிழப்போடு முடிந்திருக்கக்கூடிய தீ, மேலே நோயாளர் இருந்தமையால் உயிரிழப்பாயிற்று.

இங்கேதான் நாம் கூற வந்த கருத்து அடங்கியிருக்கிறது. கடைக்கு வருபவன் தன் காலால் வருகிறான். ஆபத்து நேரின் தன் காலால் ஓடுகிறான். கடையின் படிக்கட்டும் வாயிலும் அவனை எண்ணியே அமைக்கப்பட்டவை. நோயாளியோ எழ மாட்டான். உயிர்க்காற்றுக் குழாயோடு பிணைந்து கிடப்பான். ஆகவே கடையை மருத்துவமனையாக்கும்போது, உண்மையில் மாறுவது உள்ளே இருக்கும் மனிதன். அவனுக்கேற்பக் கட்டடமும் மாறாவிடின் அது பெயர்ப்பலகை மாற்றமே ஆகும்.

கட்டடம் மாறுவதென்றால் என்ன? படுக்கையோடு நோயாளியைத் திருப்புவதற்கு நடைவழி எட்டடி அகலமேனும் வேண்டும். மின்தூக்கியில் கட்டில் நுழைய வேண்டும். சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீள வேண்டும். தீப்பிடித்தால் நோயாளரைப் படியில் இறக்குவது அரிது; ஆதலால் ஒவ்வொரு தளத்தையும் தீயும் புகையும் புகாத சுவரால் பகுத்து, ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குக் கட்டிலைத் தள்ளிச்செல்ல வழி செய்ய வேண்டும். அடுத்தது காற்று. கண்ணாடி பூட்டிய வணிக வளாகத்தில் குளிரூட்டி ஒரே காற்றையே பெரிதும் சுற்றி அனுப்புகிறது. தொற்றுநோய் அறையிலோ மணிக்குப் பன்னிரண்டு முறை காற்று மாறி, வெளியே போக வேண்டும். மூன்றாவது நீர். கடைத்தொகுதியில் கழிப்பறை ஒரு மூலையில் மட்டும் இருக்கும்; நோயாளர் பகுதிதோறும் அது வேண்டும். ஸ்கூட்டாரியின் சாக்கடையை மறவாதிருப்போம். பல டன் எடையுள்ள கருவிகளைத் தளம் தாங்குமா, மின்சாரம் நின்றால் மாற்று வழி உண்டா என்பனவும் முன்னரே கேட்க வேண்டியவை.

இனி நம் கடைத்தொகுதிக்கு வருவோம். இளைஞரின் ஆசையும் முதியோரின் ஐயமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கீழ்த்தளத்துக் கடைகளில், சாலைக்கு நேரே வாயில் உள்ள இடத்தில், மருத்துவர் வந்து பார்த்துச் செல்லும் சிறு மருந்தகமும், முதலுதவி அறையும், சக்கர நாற்காலி ஏறத்தக்க சாய்தளமும் அமைப்பது நம்மால் இயலும். நடந்து வந்து நடந்து செல்பவருக்குக் கடைக்கட்டடம் போதும். மேல்தளத்தில் படுக்கையிட்டு இரவில் நோயாளரைத் தங்கவைப்பதோ வேறு செயல். மாநகராட்சியின் ஒப்புதலும், தீயணைப்புத் துறையின் சான்றும், தக்க பொறியாளரின் ஆய்வும் பெறும்வரை அதில் இறங்காதிருப்பதே அறிவுடைமை. நன்கொடை மிகுதியாய் வந்தாலும் இவ்வரம்பை நாம் கடத்தலாகாது.

அன்று சென்னையில் இரண்டு வராகன் வாடகையில் தொடங்கியதுதான் பின்னர்ப் பெரும் மருத்துவமனையாய் வளர்ந்தது. நாமும் ஒரு கடையில் தொடங்குவோம். மழைநீர் தேங்கிய இரவில் நாற்காலி தூக்கிச் சென்றோர் அனைவரும் இன்றும் நம் சங்கத்தில் உளர். அக்கைகளே இப்பணியையும் தூக்கி நிறுத்தும் என நம்புகிறோம்.