மெட்டும் அச்சும்

கோ. நடேசய்யர் 1924இல் கொழும்பில் தொடங்கிய ‘தேசபக்தன்’ எழுத்தறிந்தோரை நோக்கிய செய்தித்தாள். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி அட்டனில் இயங்கியபோதோ, லயத்து மக்களுட் பெரும்பாலார் எழுத்தறியாதார். வெளியார் தோட்டத்தினுள் நுழைதலும் எளிதன்று. அவர்களிடம் செய்தி எவ்வடிவிற் சென்றடையும் என்பதே வினாவாயிற்று.

துணைவியார் மீனாட்சியம்மை தெரிந்துகொண்ட வடிவம் பாட்டுப் புத்தகம். 1940இல் வெளிவந்த ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவரது சிறுநூல் அரசியல் வாதத்தையே பாட்டாக்கிற்று. முந்திய ஆண்டில் அரசாங்கம் இந்தியத் தொழிலாளரைப் பணிநீக்கிய காலம் அது.

அக்காலப் பாட்டுப் புத்தகங்களிலே தலைப்பின்கீழ் மெட்டைக் குறித்து அச்சிடுவது வழக்கம். சுரக்குறிப்பு வேண்டா, அவ்வொரு வரியே பாடும் முறையை உணர்த்தும். படிக்கத் தெரிந்த ஒருவர் பாடின் ஏனையோர் கேட்டே மனனஞ் செய்யலாம். யாப்புக் குறை காண்போர் இதனை மறந்துவிடுகின்றனர். கூட்டங்களிலே நடேசய்யர் பேச, அம்மையார் தாமே பாடினார்.